ஹெரால்டின் தம்பியும் ஓட்டைச் சைலன்சரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரும் நேரத்தில் இங்கிலாந்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஸ்பிட்ஃபயர் சைலன்சர் பைப் நடு ரோட்டுல புட்டுக்கிச்சு. கம்பியால கட்டி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். வெல்டிங் வெச்சு ஓட்டலாமா, இல்ல மொத்தமா மாத்திடணுமா?" என்றான்.

ஸ்பிட்ஃபயர் என்றால் டிரையம்ஃப் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரையை மடக்கிவிடலாம். அவனுடையது 1977 மாடல். அவனைவிட அந்தக் காருக்கு வயது அதிகம்.

இங்கிலாந்தில் இருக்கிற பையன் மெட்ராஸில் இருக்கிற கிழவனிடம் இதைக் கேட்பானேன் என்று தோன்றும். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் 1976 முதல் பதினோரு வருஷம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்ட் வைத்திருந்தேன். ஹெரால்ட் வைத்திருந்த எவரும் அரை மெக்கானிக் ஆகாமல் தப்பியதில்லை. அதைவிட முக்கியம், ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் அண்ணன் தம்பி.

நம் வயதுக்காரர்களுக்கு ஹெரால்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வண்டலூர் பக்கம், பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரான கார். 1961-ல் வந்தது. பானட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்தால் எஞ்சின் முழுக்க வெளியே வந்துவிடும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். நான்கு கதவு ஹெரால்ட் இங்கிலாந்தில்கூடக் கிடையாது, நம் ஊரில் மட்டும்தான். என்னுடையது அந்த நான்கு கதவு மார்க் த்ரீ.

இங்கிலாந்தில் ஹெரால்டை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜொவானி மிக்கெலோட்டி. அவரே அதன் சேஸியைக் குட்டையாக்கி ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் வரைந்து கொடுத்தார். கம்பெனியிடம் பணம் இல்லை, அதனால் மாதிரி வண்டி ஒரு மூலைக்குப் போய்விட்டது. 1961-ல் லேலண்ட் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது. வந்த புதிய அதிகாரிகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது தூசி படிந்த துணிக்கு அடியில் அந்தக் கார் இருந்ததாம். அதுதான் 1962 அக்டோபரில் லண்டன் கார் கண்காட்சிக்கு வந்த ஸ்பிட்ஃபயர். அதே பானட், அதே பின் ஸ்பிரிங், அதே எஞ்சின் வம்சம். நம் ஸ்டாண்டர்டு டென் காரிலும் ஹெரால்டிலும் இருந்த 948 சிசி எஞ்சினைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கி 1147, 1296, கடைசியில் 1493 சிசி வரை கொண்டுபோனார்கள். 1980-ல் உற்பத்தியை நிறுத்துவதற்குள் மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. 1965-ல் பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாகவும் வந்தது.

சரி, சைலன்சருக்கு வருவோம்.

காரில் யாருமே குனிந்து பார்க்காத பொருள் அது. பெயிண்ட் மங்கினால் வருத்தம், சீட் கிழிந்தால் வருத்தம். அடியில் தொங்கும் குழாய் சத்தம் போட ஆரம்பிக்கிற வரைக்கும் நினைவுக்கு வராது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்களின் சரித்திரத்தில் பாதிச் சண்டை அந்தக் குழாயைப் பற்றித்தான்.

லண்டனுக்குத் தென்மேற்கே வெய்பிரிட்ஜ் என்ற ஊரில் 1907-ல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளம் திறந்தார்கள். திறந்த கையோடு எஸ்.எஃப். எட்ஜ் என்பவர் அங்கே ஒரு நேப்பியர் காரை 24 மணி நேரம் தொடர்ந்து ஓட்டிச் சாதனை படைத்தார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 106 கிலோமீட்டர். ஊரே பாராட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? சுற்றுவட்டாரத்தில் பெரிய பெரிய பங்களாக்காரர்கள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. புகார் போயிற்று, இரவில் பந்தயமே கூடாது என்றாயிற்று. இருபது வருஷம் கழித்து 1929-ல் அங்கே 24 மணி நேரப் பந்தயம் வைக்க ஆசைப்பட்டபோது, பகலில் 12 மணி நேரம், ராத்திரி காரைப் பூட்டி வைத்துவிட்டு மறுநாள் பகலில் 12 மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்து நடத்தினார்கள். 'டபுள் டுவெல்வ்' என்று பெயர்.

1924-ல் அந்த அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்கே போனார்கள். அதன் பிறகு பந்தயக் கார் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய டப்பாவும், மீன்வால் மாதிரித் தட்டையான வால் குழாயும் கட்டாயம் ஆயின. 'புரூக்லாண்ட்ஸ் கேன்' என்பார்கள். ஓட்டுநர்கள் முதலில் திட்டித் தீர்த்தார்கள், வேகம் குறையும் என்று. வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர்கள் அதே மீன்வாலைப் பெருமைக்காக மாட்டிக்கொண்டார்கள். தண்டனையாக வந்தது அலங்காரமாகிவிட்டது.

வேகம் குறையும் என்று அவர்கள் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. எரிந்த புகை சீக்கிரம் வெளியேறினால்தான் அடுத்த மூச்சு உள்ளே வரும். ஹெரால்டின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு; நாலு சிலிண்டரின் புகையும் ஒரே சின்ன அறையில் இடித்துக்கொண்டு வெளியே வரும். ஸ்பிட்ஃபயரின் இரண்டாவது மாடலில் வார்ப்பிரும்பை எடுத்துவிட்டு வளைத்த குழாய்களால் செய்த மேனிஃபோல்டை வைத்தார்கள். அதோடு கேம்ஷாஃப்டையும் மாற்றியபோது 63 குதிரைசக்தி 67 ஆயிற்று. நாலு குதிரைதான். ஆனால் அந்த அளவுக் காருக்கு அது தெரியும்.

இனி, குழாய் ஏன் ஓட்டையாகிறது என்று பார்ப்போம். கல்லில் இடிக்கும், பள்ளத்தில் தட்டும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் முக்கியமான எதிரி உள்ளேயிருந்து வரும் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சொன்னால் பலர் நம்புவதில்லை. குழாய் சூடாக இருக்கும்வரை அது ஆவியாகப் போய்விடும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று ஓட்டினால் குழாய் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். ஆவி உள்ளேயே குளிர்ந்து டப்பாவின் அடியில் தேங்கும். எஞ்சினுக்கு அருகில் இருக்கும் குழாயைவிடக் கடைசி டப்பா முதலில் அழுகுவது அதனால்தான். தினமும் நூறு மைல் ஓடுகிற டாக்சியின் சைலன்சர், வாரம் ஒரு முறை கோவிலுக்குப் போகிற காரின் சைலன்சரைவிட அதிக நாள் வரும். ஸ்போர்ட்ஸ் காரோ, வெயில் அடித்தால் மட்டும் வெளியே எடுக்கிற வண்டி. அதன் கதியைக் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். உள்ளே தண்ணீர், வெளியே உப்பு, நடுவில் மெல்லிய இரும்புத் தகடு.

அந்தக் காலத்துப் பெட்ரோலும் சேர்ந்து சதி செய்தது. எஞ்சின் தட்டாமல் இருக்க அதில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கலந்தார்கள். அந்த ஈயம் உள்ளே படியாமல் அடித்துக்கொண்டு போக எத்திலீன் டைபுரோமைடு போன்ற வேறு சரக்கையும் கலந்தார்கள். அது எரிந்தால் ஹைட்ரோபுரோமிக் அமிலம் வரும். டப்பாவில் தேங்கிய தண்ணீரோடு அது சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும்! ஈயம் குழந்தைகளின் மூளைக்கு ஆகாது என்று பெட்ரோலிலிருந்து எடுத்தார்கள். போகிற போக்கில் சைலன்சர்களின் ஆயுளும் கூடியது. நம் சென்னையில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் வந்தது, நாடு முழுவதும் 2000 பிப்ரவரியில். இங்கிலாந்திலும் 2000 ஜனவரியோடு ஈயப் பெட்ரோல் விற்பனை முடிந்தது.

நாங்கள் ஹெரால்ட் ஓட்டிய காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும். சத்தம் கேட்டால் புதுப்பேட்டைக்குப் போவோம். காரை ஒரு பக்கமாக ஜாக்கியில் தூக்கி, பையன் ஒருவன் சாக்கை விரித்து அடியில் நுழைவான். ஓட்டையைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி, நல்ல இரும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பான். எங்கேயாவது கிடக்கும் தகட்டை வெட்டி வளைத்து, கேஸ் வெல்டிங்கில் ஒட்டுப் போடுவான். இணைப்பில் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றி யு-கிளாம்ப் போட்டு முறுக்குவான். (ஆஸ்பெஸ்டாஸைக் கையால் பிய்த்துக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் பகீர் என்கிறது.) ஒட்டுக்கு மேல் ஒட்டு. என் ஹெரால்டின் சைலன்சரில் கடைசியில் கம்பெனி தகடு எவ்வளவு, புதுப்பேட்டைத் தகடு எவ்வளவு என்று சொல்ல முடியாத நிலை.

அந்த ஒட்டு வேலையைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் நம்மில் நிறைய. நானும் பேசியவன்தான். 1983 கார்த்திகை மாதம் வரை.

திண்டிவனத்தில் ஒரு கல்யாணம் முடிந்து ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தோம். அடைமழை. கண்ணாடிகளை முழுக்க ஏற்றியாயிற்று. பின் சீட்டில் மனைவியும் ஆறு வயது மகளும். குழந்தை தலை வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள். கல்யாணச் சாப்பாடு என்று நினைத்தோம். மனைவிக்கும் தலைவலி. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் டீக்கடையில் நிறுத்தியதும் கால் மணி நேரத்தில் குழந்தை தெளிந்துவிட்டாள், பன் கேட்டுச் சாப்பிட்டாள். மறுபடி புறப்பட்டு ஐந்து மைல் போகவில்லை, அவள் தலை தொங்குகிறது, கூப்பிட்டால் முனகுகிறாள். பயந்து வண்டியை ஓரங்கட்டினேன். பின்னால் வந்த லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சார், புகை உள்ள அடிக்குது. கண்ணாடிய மொதல்ல எறக்குங்க. பாப்பாவ வெளிய தூக்குங்க" என்றார். மழையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி அவருடைய தார்ப்பாய்க்கு அடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, நனைந்துகொண்டே சென்னை வந்து சேர்ந்தோம். அந்த டிரைவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அடியில் பார்த்தேன். பின் சீட்டுக்கு நேர் கீழே ஒட்டுப் போட்ட இடம் வாய் பிளந்திருந்தது. மேலே தரைத் தகட்டில் ஒரு ரப்பர் மூடி எப்போதோ விழுந்துபோய் ஓட்டையாக இருந்தது. வெல்டிங் வைத்தவரைக் குறை சொல்லி என்ன? துருப்பிடித்த இரும்பில் ஒட்டு எத்தனை நாள் நிற்கும் என்று அவர் முதலிலேயே சொன்னார், நான்தான் "இந்த ஒரு தடவை" என்றேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாலே போதும். கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் கார்தானே, காற்றில் போய்விடும் என்பான் அக்கா மகன். கூரையை மூடினால் அது ஹெரால்டைவிடச் சின்ன அறை. போதாததற்கு, ஓடுகிற காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், வால் குழாயிலிருந்து விட்ட புகையே முதுகுப்பக்கமாக உள்ளே இழுக்கப்படும்.

அமெரிக்கர்கள் இந்த ஒட்டுப் போடுகிற யோசனையையே விட்டுவிட்டார்கள். 1956-ல் நேட் ஷெர்மன் என்பவர் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் 'மைடாஸ்' கடையைத் திறந்தார். சைலன்சர் மாற்றுவது மட்டுமே தொழில். காரை நீங்கள் வைத்திருக்கும்வரை சைலன்சருக்கு உத்தரவாதம் என்று கொடுத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், அமெரிக்கர் எத்தனை பேர் ஒரே காரைப் பத்து வருஷம் வைத்திருந்தார்கள்? இங்கிலாந்தில் டாம் ஃபார்மர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1971-ல் எடின்பரோவில் 'க்விக்ஃபிட்' தொடங்கினார். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை, சின்ன வயதிலேயே டயர் வியாபாரத்துக்கு வந்தவர். முன்பதிவு வேண்டாம், வண்டியைக் கொண்டுவந்து காத்திருந்தால் பழைய குழாயை வெட்டிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டி அனுப்புவார்கள். அழுகுகிற குழாயை நம்பியே ஒரு சாம்ராஜ்யம் எழுந்தது. 1999-ல் ஃபோர்டு கம்பெனி அதை 100 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஃபார்மருக்கு அதற்கு முன்பே சர் பட்டம் கிடைத்திருந்தது.

இதில் எனக்குப் பட்டது ஒன்று. அங்கே ஆள் கூலி அதிகம், குழாய் மலிவு. அதனால் வெட்டி எறிந்தார்கள். நமக்குக் குழாய் கிடைப்பது அரிது, கூலி மலிவு; அதனால் ஒட்டினோம். இதை நாம் சிக்கனம் என்றும் அவர்களுடையதை ஊதாரித்தனம் என்றும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு ஊரிலும் கணக்குப் பார்த்தது பர்ஸை மட்டும்தான். பின் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்தது சட்டம் வந்த பிறகு. இங்கிலாந்தில் கார்களுக்கான வருடாந்திரச் சோதனை 1960-லேயே வந்துவிட்டது, ஆனால் சைலன்சரைச் சோதிக்க ஆரம்பித்தது 1977-ல்தான்.

அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். நாற்பது வயது தாண்டிய பழைய கார்களுக்கு அந்தச் சோதனையிலிருந்து 2018-ல் விலக்கு கொடுத்துவிட்டார்களாம். "என் வண்டிய யாரும் பாக்க மாட்டாங்க மாமா" என்றான். அப்படியானால் நீதான் பார்க்க வேண்டும் என்றேன்.

வெல்டிங் வேண்டாம் என்பது என் முதல் பதில். ஒரு இடத்தில் முறிந்த துருக்குழாய் மற்ற இடங்களிலும் காகிதமாகத்தான் இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் நீளத்துக்கும் தட்டிப் பார்க்கச் சொன்னேன். நல்ல இரும்பு கணீர் என்னும், அழுகியது பொத்தென்னும். மூன்று இடத்தில் பொத்தென்றதாம், ஒரு இடத்தில் பிடி உள்ளேயே போய்விட்டதாம்.

மாற்றுவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி, எந்தக் குழாய். பழையபடி சாதாரண இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா. இன்றைய புதிய கார்களில் பெரும்பாலும் 409 என்ற ரகம் வருகிறது. 11 சதவீத அளவுக்குத்தான் குரோமியம்; மேலே பழுப்பாகத் துரு தெரியும், ஆனால் ஓட்டையாக நாளாகும். பழைய கார்க்காரர்கள் வாங்குவது 304. குரோமியம் 18, நிக்கல் 8, நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் ஜாதி. விலை அதிகம். அதற்கும் ஒரு குறை சொல்கிறார்கள், சத்தம் மாறிவிடுகிறதாம். மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு கொஞ்சம் தகர டப்பா மாதிரி ரீங்காரம் போடும். அசல் ஸ்பிட்ஃபயர் சத்தம்தான் வேண்டும் என்று சாதாரண இரும்பையே வாங்கி, நாலு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிற பக்தர்களும் அங்கே இருக்கிறார்களாம். நான் ஸ்டெயின்லெஸ் என்றேன். அவன் மனைவி இப்போது முழுகாமல் இருக்கிறாள், அவளும் அந்த வண்டியில் ஏறுவாள். சத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்டர் போடப் போனவனை நிறுத்தி இன்னொன்று கேட்டேன். குழாய் முறிந்தது எந்த இடத்தில்? மேனிஃபோல்டுக்குக் கீழே ஒரு ஜாண் தூரத்தில் என்றான். அங்கே தண்ணீர் தேங்காது, அழுகல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் ஆடுகிறது, குழாயின் மறுகோடி வண்டியின் அடியில் கட்டியிருக்கிறது. மவுண்டிங் உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு ஆட்டமும் அந்தக் குழாயின் கழுத்தை முறுக்கும். புதுக் குழாயை மாட்டினாலும் ஆறு மாதத்தில் அதே இடத்தில் முறியும். ஹெரால்டில் இரண்டு தடவை அப்படிப் பட்டவன் நான்.

மறுநாள் போட்டோ அனுப்பினான். இடது பக்க மவுண்டிங்கில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து தனியாகத் தொங்குகிறது. வலது பக்கம் எண்ணெய் குடித்து ஊறிப்போயிருக்கிறது. இரண்டுக்கும் சொல்லிவிட்டிருக்கிறான். பின் சீட்டே இல்லாத கார் என்றாலும் தரைத் தகட்டின் ரப்பர் மூடிகளையும் எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு குறைகிறதாம். சாமான்கள் எல்லாம் வந்து சேரும்வரை ஸ்பிட்ஃபயர் ஷெட்டில் நிற்கிறது.